ஒற்றைக்கு என்ன யோக்கியதை? இரட்டைக்கு என்ன தோஷம்?



நமது நாட்டில் ஒரு குழந்தை பத்து வரை பிழையில்லாமல் எண்ணக் கற்றுக் கொள்ளுவதற்கு முன்பே, எந்த எண் நல்ல எண், எந்த எண் கெட்ட எண் என்பதைக் கற்றுக் கொண்டு விடுகின்றது. கல்யாண வீட்டுக்குப் போகும்போது தகப்பன் 100 ரூபாய் நோட்டை எடுத்து வைத்துக் கொண்டு, அதோடு சேர்க்க ஒரு ரூபாய்க் காசை வீடெல்லாம் தேடுவதை அது பார்க்கின்றது. சீர்வரிசைத் தட்டுகளை எண்ணி, எண்ணிக்கை இரட்டையாய் வந்துவிட்டால், அவசர அவசரமாக நாலு வாழைப்பழத்தை வைத்து இன்னொரு தட்டைத் தயார் செய்வதைப் பார்க்கின்றது. ஏன் என்று கேட்டால், "ஒற்றைப்படையில் வைப்பதுதான் மங்களம், பேசாமல் இரு" என்று பதில் கிடைக்கின்றது. ஒற்றைப்படை என்றால் என்னவென்று தெரிவதற்கு முன்னால் ஒற்றைப்படைக்குப் பயப்படவும் பணியவும் குழந்தைக்குத் தெரிந்து விடுகின்றது.

இந்தச் சங்கதி மிகச் சிறியது என்று சிலர் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. குழந்தை தன் சொந்தக் கையாலும் சொந்தப் புத்தியாலும், ஒருவர் தயவும் இல்லாமல், காரணத்தோடு தெரிந்து கொள்ளக் கூடிய முதல் உண்மைகளில் ஒன்று இந்த ஒற்றை இரட்டை. அந்த முதல் உண்மையிலேயே மண்ணை அள்ளிப் போட்டு விட்டு, பிறகு அதே குழந்தையைப் பெரிய படிப்புக்கெல்லாம் அனுப்பி அறிவாளியாக்கப் போகின்றோம் என்றால், அது விதையை வறுத்து விட்டு விதைக்கின்ற சம்சாரியின் வேலையைப் போன்றதல்லவா?

ஒற்றை இரட்டை என்றால் என்ன? நம் பாலவனத்தம் பக்கத்துக் கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு இதைப் புத்தகத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. புளியமுத்தைக் கைக்குள் மூடிக் கொண்டு "ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்கின்ற விளையாட்டு நமது தெருக்களில் வெகுகாலமாய் இருக்கின்றது. இதே விளையாட்டைப் பழைய கிரேக்கத்திலும் ரோமாபுரியிலும் விளையாடியிருக்கின்றார்கள். சொன்னது சரியா தப்பா என்று பிள்ளைகள் எப்படித் தீர்ப்புச் செய்கின்றார்கள்? கையை விரித்து, முத்தைத் தரையில் கொட்டி, இரண்டிரண்டாக ஜோடி சேர்க்கின்றார்கள். எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்துவிட்டால் இரட்டை. ஒன்று துணையில்லாமல் நின்றுவிட்டால் ஒற்றை. அவ்வளவுதான். இந்தத் தீர்ப்புக்குச் சாஸ்திரம் வேண்டியதில்லை, பெரியவர்கள் சொன்னார்கள் என்ற சாட்சியமும் வேண்டியதில்லை. தோற்ற பிள்ளை கூடக் கண்ணால் பார்த்து ஒப்புக் கொள்ளுகின்றது.

இப்படியிருக்க, அநேக இடங்களில் இது எப்படிக் கற்பிக்கப்படுகின்றது? "2, 4, 6, 8, 0 என்று முடிந்தால் இரட்டை, 1, 3, 5, 7, 9 என்று முடிந்தால் ஒற்றை, மனப்பாடம் செய்" என்று கற்பிக்கப்படுகின்றது. சொல்லிக் கொடுத்தது தப்பில்லை, வாஸ்தவந்தான். ஆனால் காரணம் எங்கே? 347 என்ற எண்ணில் 3-ஐயும் 4-ஐயும் விட்டுவிட்டுக் கடைசியில் இருக்கின்ற 7-ஐ மாத்திரம் ஏன் பார்க்க வேண்டும் என்று ஒரு குழந்தை கேட்டால், பதில் சொல்ல எத்தனை பேர் தயாராக இருக்கின்றோம்? காரணம் மிகச் சுலபம். பத்து என்பது ஐந்து ஜோடி. ஆகையால் எத்தனை பத்து வந்தாலும், எத்தனை நூறு வந்தாலும், அதெல்லாம் மிச்சமில்லாமல் ஜோடி சேர்ந்துவிடும். ஜோடி சேருமா சேராதா என்ற வழக்கெல்லாம் கடைசி இலக்கத்தில்தான். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டு நாலும் உதிரிக் குச்சி ஏழும் கையில் கொடுத்தால், எட்டு வயதுக் குழந்தை இதைத் தானே கண்டுபிடித்து உங்களுக்குச் சொல்லும். தானே கண்டுபிடித்ததை அது சாகிற வரை மறக்காது.

பூஜ்யம் எதில் சேரும் என்று கேட்டால் பெரியவர்களே திகைக்கின்றார்கள். வெறுங்கையை விரித்துக் காட்டுங்கள். துணையில்லாமல் நிற்கின்ற முத்து ஏதாவது உண்டா? இல்லை. ஆகவே பூஜ்யம் இரட்டை. டில்லியில் 2016 ஜனவரி 1 முதல் 15 வரை, காற்று கெட்டுப் போனதற்காக, ஒற்றைத் தேதியில் ஒற்றை எண் கார்களும் இரட்டைத் தேதியில் இரட்டை எண் கார்களும் மாத்திரம் ஓடலாம் என்று உத்தரவு போட்டார்கள். அப்போது 0-வில் முடிகின்ற கார்களை இரட்டையில்தான் சேர்த்தார்கள். அந்த உத்தரவின் நியாயத்தைக் குழந்தை வெறுங்கையை விரித்தே தெரிந்து கொள்ளலாம்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒரு குழந்தையின் கையில் ஒற்றையாக முத்து. இன்னொரு குழந்தையின் கையிலும் ஒற்றையாக முத்து. இரண்டையும் சேர்த்தால் என்ன வரும்? இந்தக் கையில் துணையில்லாமல் நின்ற ஒன்றும், அந்தக் கையில் துணையில்லாமல் நின்ற ஒன்றும் ஒன்றுக்கொன்று ஜோடியாகி விடுகின்றன. ஆகவே இரட்டைதான் வரும். எத்தனை முத்தை அள்ளினாலும் இது மாறாது. இங்கேதான் தோழர்கள் கவனிக்க வேண்டும். இது ஆயிரம் தடவை செய்து பார்த்து அப்படியே வந்ததனால் உண்மையல்ல. தாத்தா சொன்னார், அவருடைய தாத்தா சொன்னார் என்பதனாலும் உண்மையல்ல. ஏன் அப்படித்தான் வந்தாக வேண்டும் என்ற காரணம் கையில் இருப்பதனால் உண்மை. "எல்லோரும் சொல்லுகின்றார்கள்" என்பதற்கும் "எனக்குக் காரணம் தெரியும்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு வயதில், ஒரு கைப்பிடிப் புளியமுத்தை வைத்துக் கற்பித்துவிடலாம். அதை ஆறு வயதில் கற்பிக்காததனால்தான் அறுபது வயதிலும் ஜோசியன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருக்கின்றோம்.

இம்மாதிரி கைப்பொருளைக் கொண்டு கற்பிப்பது நமது கற்பனையல்ல. இத்தாலி தேசத்து வைத்தியர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரத்தில் ஏழைகள் குடியிருந்த பகுதியில் குழந்தைகள் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். அவருடைய முறையில் 1 முதல் 10 வரை எண் அட்டைகளும், 55 வட்டச் சில்லுகளும் உண்டு. ஒவ்வொரு எண்ணின் கீழும் குழந்தை சில்லுகளை இரண்டிரண்டாக அடுக்குகின்றது. துணையில்லாத கடைசிச் சில்லு நடுவில் நிற்கின்றது. பிறகு இரண்டு வரிசைக்கும் இடையே விரலை மேலிருந்து கீழே ஓட்டுகின்றது. விரல் தடையில்லாமல் போனால் இரட்டை. கடைசிச் சில்லு மறித்தால் ஒற்றை. எண்ணியது சரியாயிருந்தால் 55-உம் மிச்சமில்லாமல் தீரும். தப்பினால் வாத்தியார் பிரம்பை எடுக்க வேண்டியதில்லை. மிஞ்சின சில்லே தப்பைச் சொல்லிவிடும். இந்த அம்மையார் 1939-இல் சென்னைக்கு வந்து 1946 வரை இந்தியாவில் தங்கி, கொடைக்கானலிலும் இருந்து, பல ஆசிரியர்களைப் பழக்கினார். அவரை அழைத்து வந்தது அடையாறு பிரம்மஞான சபை. அந்தச் சபையின் மறைபொருள் பேச்சுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நல்ல யுக்தி எந்த வாசல் வழியாய் வந்தாலும் எடுத்துக் கொள்ளுவதுதான் அறிவுடைமை. பணக்காரப் பள்ளிகளில் அந்தச் சில்லுகளுக்கு விலை அதிகம். நமக்குக் கவலையில்லை. 55 புளியமுத்து எந்த வீட்டு அடுப்பங்கரையிலும் காசில்லாமல் கிடைக்கும்.

நிற்க, இந்த ஒற்றை இரட்டையைத் தெரிந்து கொண்டு என்ன ஆகப் போகின்றது என்று கேட்பவர்கள், நமக்குப் பக்கத்திலுள்ள அருப்புக்கோட்டைக்குப் போய் ஒரு கைத்தறியைப் பார்க்கட்டும். சாதாரண நெசவில் பாவு இழைகளில் ஒன்று விட்டு ஒன்று, அதாவது 1, 3, 5 என்ற இழைகள் ஒரு விழுதிலும், 2, 4, 6 என்ற இழைகள் மற்றொரு விழுதிலும் கோக்கப்படுகின்றன. ஒரு மிதியை மிதித்தால் ஒற்றை இழைகள் மேலே வருகின்றன. நாடா ஊடையை இழுத்துக் கொண்டு ஓடுகின்றது. அடுத்த மிதியில் இரட்டை இழைகள் மேலே வருகின்றன. நாடா திரும்பி ஓடுகின்றது. பக்கத்துப் பக்கத்து இழைகள் இரண்டு தவறி ஒரே விழுதில் போய்விட்டால், துணி நெடுகக் கோடு விழுந்து நெசவாளியின் கூலி போய்விடும். நாம் இடுப்பில் கட்டியிருக்கின்ற வேட்டி ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வேலை செய்ததனால் வந்ததே தவிர, ஒற்றை மங்களம் என்று இரட்டையைத் தள்ளி வைத்ததனால் வந்ததல்ல. ரயிலும் இப்படித்தான். சென்னையிலிருந்து விருதுநகர் வழியாகத் திருநெல்வேலிக்கு வருகின்ற நெல்லை வண்டிக்கு 12631; திரும்பிப் போகின்ற வண்டிக்கு 12632. இரட்டை எண் என்பதற்காகச் சென்னைக்குப் போகிற வண்டியில் யாராவது ஏறாமல் இருக்கின்றார்களா?

இனி, ஒற்றையே மங்களம் என்பதற்குச் சொல்லப்படும் காரணத்தைப் பரீட்சை செய்து பார்ப்போம். "இரட்டைப்படை வகுபடும், ஒற்றைப்படை வகுபடாது, ஆகையால் ஒற்றைப்படையில் மொய் எழுதினால் புருஷனும் பெண்சாதியும் பிரிய மாட்டார்கள்" என்கின்றார்கள். சரி, வகுத்துப் பார்ப்போம். 51-ஐ மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 17. 501-ஐ மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 167. பெரிய மனிதர்கள் எழுதுகின்ற 1001 இருக்கின்றதே, அது ஏழு பேருக்கும் வகுபடும், பதினொரு பேருக்கும் வகுபடும், பதின்மூன்று பேருக்கும் வகுபடும். இந்த வரிசையில் 101 ஒன்றுதான் எதற்கும் வகுபடாமல் நிற்கின்றது. அதையாவது விட்டு வைக்கலாமென்றால், 101 ரூபாயைப் புருஷனும் பெண்சாதியும் பிரித்துக் கொண்டால் ஆளுக்கு 50 ரூபாய் 50 காசு தாராளமாய் வரும். 101 ரூபாய் என்பது 10,100 காசு, இரட்டைப்படை. 1957 ஏப்ரலில் புதுக் காசு வருவதற்கு முன் ரூபாய்க்கு 16 அணா, அப்போது 101 ரூபாய் என்பது 1,616 அணா, அதுவும் இரட்டைப்படை. ரூபாயில் எண்ணினால் சேர்ந்து வாழ்வார்கள், காசில் எண்ணினால் பிரிந்து விடுவார்கள் என்றால் இது என்ன மங்களம்? அன்றியும், கல்யாணம் என்பதே இரண்டு பேர் சேருவது. இரட்டை ஆகாதென்றால் மணவறையில் ஒருவரை மாத்திரமல்லவா உட்கார வைக்க வேண்டும்?

இரட்டையை வெறுப்பதிலாவது இவர்கள் உறுதியாய் இருக்கின்றார்களா என்றால் அதுவும் இல்லை. கல்யாணத்தில் பதினாறு பேறும் பெற்று வாழுங்கள் என்று வாழ்த்துகின்றார்கள். 16 இரட்டை. அதே 16-ஆம் நாளில்தான் செத்தவருக்குக் கருமாதி. மங்களத்திற்கும் அதே எண், அமங்களத்திற்கும் அதே எண்! வாஸ்து பார்க்கிறவரோ வாசற்படி ஒற்றையில் இருக்க வேண்டும், கதவும் ஜன்னலும் இரட்டையில் இருக்க வேண்டும் என்கின்றார். ஒரே வீட்டில் படியேறும்போது ஒற்றை நல்லது, உள்ளே நுழையும்போது இரட்டை நல்லது! அஷ்டமி 8, நவமி 9, ஒன்று இரட்டை, மற்றொன்று ஒற்றை, இரண்டுமே ஆகாதாம்.

நமது நாட்டை விட்டு வெளியே போனால் வேடிக்கை இன்னும் அதிகம். சீனாவில் கல்யாணத்துக்கு இரட்டைப்படையில்தான் பணம் வைப்பார்கள். நல்லது ஜோடியாய் வரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பக்கத்திலுள்ள ஜப்பானில் நம்மைப் போலவே, வகுபடாது என்று சொல்லி ஒற்றைப்படையில் வைப்பார்கள். ருஷியாவில் உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படையில் பூக் கொடுப்பார்கள், பிணத்துக்கு இரட்டைப்படை. ஒற்றையிலே உண்மையாகவே ஒரு சக்தி இருக்குமானால் அது சீன எல்லைக்குள் நுழையும்போது எங்கே போய் ஒளிந்து கொள்ளுகின்றது? ஐந்தும் ஐந்தும் பத்து என்பது மாத்திரம் சீனாவிலும் ஜப்பானிலும் பாலவனத்தத்திலும் ஒன்றுதான். எது எல்லா ஊரிலும் ஒன்றாய் இருக்கின்றதோ அது அறிவு. எது ஊருக்கு ஊர் மாறுகின்றதோ அது வழக்கம். இரண்டையும் குழந்தை பிரித்துப் பார்க்க வேண்டாமா?

எண்ணுக்கு நல்லது கெட்டது கற்பித்தவர்கள் அதோடு நிற்கவில்லை. ஆண் பெண் பேதத்தையும் அதன் தலையில் ஏற்றினார்கள். சுமார் 2,500 வருஷங்களுக்கு முன் கிரேக்கத்தில் பித்தாகரஸ் கூட்டத்தார் ஒற்றையை ஆண் பக்கத்திலும் நல்லதின் பக்கத்திலும், இரட்டையைப் பெண் பக்கத்திலும் கெட்டதின் பக்கத்திலும் வைத்தார்கள். நமது மனுதர்ம சாஸ்திரமோ, மூன்றாம் அத்தியாயம் 48-ஆவது சுலோகத்தில், இரட்டை இரவுகளில் சேர்ந்தால் ஆண் பிள்ளையும் ஒற்றை இரவுகளில் சேர்ந்தால் பெண் பிள்ளையும் பிறக்கும் என்று அதைத் தலைகீழாகச் சொல்லுகின்றது. அடுத்த சுலோகத்திலேயே வேறொரு காரணமும் சொல்லுகின்றது. எண் எந்தப் பக்கம் போனாலும் பெண் தாழ்ந்த பக்கம் என்பது மாத்திரம் இரண்டு இடத்திலும் மாறவில்லை! உண்மை என்ன? 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ஒரு சாதாரண வண்டினத்தை ஆராய்ந்து, தகப்பன் வித்திலுள்ள ஓர் அணுக்கூறுதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கின்றது என்று காட்டினார். மனிதருக்கும் அப்படியே. தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23, ஆக 46. ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்து இரட்டை, புளியமுத்துக் கணக்குத்தான். நாம் ஒவ்வொருவரும் இரட்டைப்படையில் பிறந்தவர்கள். பெண் பிள்ளை பிறந்ததற்காகத் தாயைத் தூற்றுகின்ற வீடுகள் இன்றும் இருக்கின்றன. அந்த வீட்டாருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் தூற்றுகின்ற வாய் அடைபடுமா, படாதா?

"ஒரு ரூபாய்தானே, போகட்டுமே" என்று சில தோழர்கள் சொல்லுவார்கள். சுயமரியாதைத் திருமணத்துக்கு வருகின்ற நண்பர்களிலும் சிலர் 101 என்று எழுதிவிட்டுப் போகின்றார்கள். புரோகிதர் இல்லாமல் நடக்கின்ற திருமணம் செல்லும் என்று 1967-இல் அண்ணா ஆட்சியில் சட்டம் வந்தது. புரோகிதரை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அவர் விட்டுப் போன ஒரு ரூபாயை மாத்திரம் கவரில் ஒட்டி உள்ளே கொண்டு வருகின்றோம். காசு ஒட்டிய கவர் கடைகளில் தயாராகவே விற்கின்றது. அந்த ஒரு ரூபாய் போவதில் நமக்கு வருத்தமில்லை. மொய் என்பது திரும்பி வருகின்ற கடன்தான். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கின்ற குழந்தை, படித்த நம் அப்பாவே ஓர் எண்ணுக்குப் பயப்படுகின்றார் என்று தெரிந்து கொள்ளுகின்றதே, அந்த நஷ்டத்தை யார் ஈடு செய்வது? இன்றைக்கு ஒற்றை ரூபாய். நாளைக்கு வண்டி எண்ணின் கூட்டுத் தொகை 8 வரக் கூடாது. மறுநாள் பெயரில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் அதிர்ஷ்டம் என்று எண் ஜோசியனுக்குப் பணம். ஒன்றுக்கொன்று படி வைத்தது போல் போகின்றது.

பாலவனத்தம் ஜமீன்தாராய் இருந்த பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார் என்று நாம் பெருமை பேசுகின்றோம். பெருமைதான். ஆனால் இந்த வானம் பார்த்த பூமியில் வெகு காலமாக வட்டிக்காரனும் தரகனும் கணக்கு எழுத, நம்மவர்கள் கைநாட்டு வைத்து வந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எண் தெரியாதவன் ஏமாற்றப்படுவான். எண்ணுக்குப் பயப்படுகிறவன் தன்னைத் தானே ஏமாற்றிக் கொள்ளுவான். 8 வயதுக்குள் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் திருத்தமாய் வர வேண்டுமென்று தமிழ்நாட்டு அரசு 2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" என்ற திட்டத்தை ஆரம்பித்தது. நல்ல காரியம். ஆனால் பள்ளிக்கூடத்தில் காலையில் விதைத்ததை வீட்டில் சாயங்காலம் பிடுங்கிப் போட்டால் எந்த அரசு என்ன செய்ய முடியும்?

ஆகவே தகப்பன்மாரும் தாய்மாரும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் முன்பே ஒரு சிரட்டை புளியமுத்தை அதன் கையில் கொடுங்கள். பதிலைச் சொல்லாதீர்கள்; ஜோடி சேர்த்துப் பார் என்று மாத்திரம் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று சொல்லுகிறவர்களுக்கு வாசலில் இருக்கின்ற 1, 3, 5, 3, 1 புள்ளிக் கோலத்தைக் காட்டுங்கள். அந்தப் பிள்ளையையே 1-உம் 3-உம் சேர்த்தால் 4, அதோடு 5 சேர்த்தால் 9, அதோடு 7 சேர்த்தால் 16 என்று கூட்டச் சொல்லி, அந்த நாலையும் ஒன்பதையும் பதினாறையும் சதுரமாகப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒற்றை எண்களை வரிசையாய்க் கூட்டினால் சதுரம் வருவதை அது தானே கண்டு ஆச்சரியப்படும். ஆசிரியர்கள் கடைசி இலக்க விதியைச் சொல்லும் முன் அதன் காரணத்தைப் பிள்ளைகளின் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும். நமது தோழர்கள் அடுத்த கல்யாணத்தில் 100 என்றோ, 200 என்றோ, 500 என்றோ மொய் எழுதட்டும். மொய் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து "ஒரு ரூபாய் இல்லையா?" என்று கேட்பார். அப்போது பக்கத்தில் இருக்கின்ற உங்கள் குழந்தையைப் பதில் சொல்ல விடுங்கள். ஜோடி சேர்த்துப் பார்க்கத் தெரிந்த குழந்தைக்குப் பதிலும் தெரிந்திருக்கும்.